கொண்டை ஊசி அட்டை ஒன்று

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றிச் சமாளித்தேன். ஆபீஸில் நான்கு வழக்குகளுக்கு வாய்தா வாங்கினோம். மாலையில் சூப்பர் மார்க்கெட் போனேன். அங்கே ஒரு சின்னப் பேச்சுவார்த்தை. எழுதும்படி ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

எழுதும்படி ஒன்றுமில்லை என்று நேற்று எழுதியது பொய். இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களின் பொய்யை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்துக் கொடுத்து, சொந்த டைரியிலும் அந்தக் கை வந்துவிட்டது.

நான் வக்கீல் குமாஸ்தா. இந்த டைரியும் வக்கீல்களுக்காக அச்சடித்தது. பக்கத்துக்குப் பக்கம் வழக்கு எண், கட்சிக்காரர், அடுத்த வாய்தா என்று கட்டம் போட்டிருக்கும். சட்டப் புத்தகக் கடைக்காரர் வருடாவருடம் இரண்டு கொடுப்பார். ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று எனக்கு. வழக்கு எண் எழுத வேண்டிய இடத்தில் நான் ரசம், சாம்பார் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மனைவி தெய்வானை பெங்களூருக்குப் போன பிறகு வந்த பழக்கம் இது. மகள் கௌசல்யாவுக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பேரனுக்கு இப்போது இரண்டு வயது.

சரி, நடந்ததை எழுதுகிறேன். நேற்று மாலை சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு, துவரம்பருப்பு, கொண்டை ஊசி அட்டை ஒன்று எடுத்தேன். சோப்புக்கும் பருப்புக்கும் பில் போட்டேன். அட்டை சட்டைப் பையில் இருந்தது. வாசலில் நிற்கும் வாட்ச்மேன் பில்லைப் பார்த்தார், பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். கையும் களவுமாக என்று எத்தனை மனுவில் எழுதியிருப்பேன். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று நேற்றுதான் தெரிந்தது. காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

கடை வளர்மதி அம்மாவுடையது. மாலை வேளைகளில் அவரேதான் பில் போடும் மேசையில் உட்கார்ந்திருப்பார். நல்ல மாதிரி. சத்தம் போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"இனிமே இப்படிச் செய்யமாட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எல்லாருகிட்டயும் வாங்கறதுதானுங்."

இரண்டு வரிதான் கேட்டார். எனக்குத்தான் இரண்டு வரி எழுத வராதே. பேனா தாளைத் தொட்டதும் கை தானாக ஓடியது. தகப்பனார் பெயர், வயது, கதவு எண் போட்டு, 'மேற்படி நான் இன்று மாலை 6.20 மணியளவில் மேற்படி கடையில், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் சுயநினைவுடன், விலை செலுத்தும் எண்ணம் இல்லாமல், கொண்டை ஊசி அட்டை ஒன்றை எடுத்து' என்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. கீழே 'படித்துப் பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வாட்ச்மேனைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னதும் நான்தான்.

வளர்மதி அம்மா இரண்டு தடவை படித்தார். முகம் மாறியது. "சரிங்க, போங்க" என்றார். அவ்வளவுதான். முடிந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

தெய்வானை போன் செய்தாள்.

"ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சு."

"என்ன வெச்சீங்க?"

"ரசம்."

"நேத்தும் ரசந்தானுங்களே."

அதற்குள் பேரன் எதையோ கொட்டிவிட்டான். வைத்துவிட்டாள். என்னுடையது பட்டன் போன், முகம் பார்த்துப் பேச முடியாது. குரலை வைத்துத்தான் அவள் இளைத்திருக்கிறாளா, தூங்கினாளா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அந்தக் கடை விஷயம் முடியவில்லை. காவல் நிலையத்தில் இருந்து ஏட்டு ஒருவர் ஆபீஸுக்கே வந்தார். தெரிந்தவர்தான், எங்கள் கட்சிக்காரர்கள் பாதிப் பேரைக் கூட்டி வருகிறவர். வக்கீல் தனபாலன் சார் முன்னால் வைத்து அந்தக் கடிதத்தின் நகலை எடுத்தார். இப்படி ஒரு வாக்குமூலத்தை இத்தனை வருட சர்வீஸில் பார்த்ததே இல்லை என்றார். பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். கடிதத்தைப் படித்த வளர்மதி அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை சட்டம் தெரிந்த ஆள் நாளைக்கு நம் மேலேயே அவமானப்படுத்தினார்கள் என்று வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று நினைத்து, முந்திக்கொண்டு போலீஸில் கொடுத்துவிட்டார். திருட்டுப் பொருளின் விலை ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் போலீஸ் நேராக வழக்குப் போட முடியாது, மாஜிஸ்ட்ரேட் அனுமதி வேண்டும். அனுமதி கேட்ட அன்றே கிடைத்துவிட்டதாம். கடிதம் அப்படி. மற்றவர்களைப்போல 'தெரியாம எடுத்துட்டேன் மன்னிச்சிடுங்க' என்று கிறுக்கியிருந்தால் அது அந்தக் கடை மேசையிலேயே குப்பையாகியிருக்கும்.

சார் ஏட்டை அனுப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தலையில் கண் நின்றது. பத்து வருடமாக அங்கே ஒன்றும் கிடையாது.

"உனக்கெதுக்குய்யா கொண்டை ஊசி?"

மேசையில் இருந்த கட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வழிகள் மூன்று. வழக்கு நடத்தலாம். அந்தக் கடிதம் இருக்கும்வரை எந்தக் கொம்பனாலும் ஜெயிக்க முடியாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். முதல் தடவை, சொற்ப விலை, பொருளும் திரும்பக் கிடைத்துவிட்டது என்பதால் புதுச் சட்டப்படி ஜெயில் இல்லை, சமூக சேவைதான். ஆனால் தண்டனை தண்டனைதான். டிசம்பரில் என் குமாஸ்தா அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, 'குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரா?' அட்டை இல்லாவிட்டால் கோர்ட் வளாகத்தில் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் காலையில் சட்டை போட்டுக்கொண்டு போக ஓர் இடம் இல்லை. சம்பளம் ஒரு பக்கம் கிடக்கட்டும். பகல் முழுக்க என்னோடு யாராவது பேசுகிறார்கள் என்றால் அது அந்த வராந்தாவில்தான்.

மூன்றாவது வழி சமாதானம். கடைக்காரர் கோர்ட்டுக்கு வந்து, சமாதானமாகிவிட்டோம் என்று சொன்னால் விடுதலை. ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதலாம். சார் வளர்மதி அம்மாவிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் எத்தனை பேரிடம் 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிட்டே இரு, சாயங்காலம் வீட்ல இருப்ப' என்று சொல்லியிருக்கிறேன். ஒரு டிரைவர், பத்து வருடம் முன்பு. ஸ்கூல் வேனில் வேலைக்குக் கேட்டபோது பழைய தண்டனையைக் காட்டி இல்லை என்றுவிட்டார்கள். ஆபீஸ் வாசலுக்கு வந்து, "நீங்கதானுங்களே ஒத்துக்கச் சொன்னீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். அவன் பெயர் மறந்துவிட்டது. காலையில் இருந்து யோசிக்கிறேன், வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வீடு பெருக்கினேன். அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் துடைத்தேன். மேசை இழுப்பறையை வெளிப்பக்கம் மட்டும் துடைத்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

சம்மன் வந்தது. செப்டம்பர் 22, காலை பத்தரை மணி. ஆபீஸ் டைரியில் எழுத வேண்டியவன் நான்தான். 22ஆம் தேதிப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு காசோலை வழக்கு, ஒரு வாய்க்கால் தகராறு. நான்காவதாக வழக்கு எண் எழுதி, கட்சிக்காரர் கட்டத்தில் சென்னியப்பன் என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

மாரப்பனோடு டீ குடித்தேன். மாரப்பன் கோர்ட் டவாலி. வெள்ளை உடுப்பின் மேல் சிவப்புப் பட்டை மாட்டிக்கொண்டு, கோர்ட் வாசலில் நின்று பெயரை மூன்று தடவை கூப்பிடுவான். அவன் கூப்பிட்டால் எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் எடுக்கிறவனுக்குக்கூடக் கேட்கும். பதினெட்டு வருடமாகத் தினமும் பதினொன்றரைக்கு இரண்டு பேரும் டீக்கடையில் நிற்கிறோம்.

இன்று அவன் மகளின் பரீட்சை பற்றிப் பேசினான். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் வடை சாப்பிட்டேன். வழக்குப் பட்டியல் அன்றைக்குக் காலையில்தான் அவன் கைக்கு வரும். சமாதானம் ஆகிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பெரிதாகத் தெரியாது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாய்தா தேதி சொல்கிற நான் என் தேதியைச் சொல்ல ஆளில்லாமல் நிற்கிறேன். இந்த மனிதன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் ஏன் கேட்கப்போகிறான்?

செப்டம்பர் 10, புதன்

வளர்மதி அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். வழக்கு இவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கே தெரியாதாம். 22ஆம் தேதி வந்து சொல்லிவிடுகிறேன் என்றாராம். சார் சந்தோஷமாக இருந்தார். "சமாதான மெமோ டைப் பண்ணிடு, உன் கேஸுக்கு நீயேதான்" என்று சிரித்தார்.

உட்கார்ந்து அடித்தேன். பாதி வார்த்தைகள் விரல்களுக்கே தெரியும். 'எதிரி இதற்கு முன் மேற்படி கடையிலோ வேறு எங்குமோ இத்தகைய செயலில் ஈடுபட்டதில்லை என்பதை மனுதாரர் விசாரித்து அறிந்து' என்ற இடத்தில் விரல் நின்றது. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன், இங்கே நான். கரண்ட் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை.

மெமோவை நாளைக்கு முடிப்பதாகச் சாரிடம் சொன்னேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ரசப்பொடி தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

இழுப்பறையைத் திறந்தேன்.

ஐந்து பொருள்கள். குழந்தைக்கு ஊட்டும் சின்னக் கரண்டி ஒன்று. பெண்கள் தலைவாரும் சீப்பு. யானை பொம்மை வைத்த சின்ன டூத் பிரஷ். பிறந்தநாள் மெழுகுவத்தி ஒரு பாக்கெட். கண்மை டப்பி. எல்லாவற்றிலும் அந்தக் கடையின் ஸ்டிக்கர். மார்ச் மாதத்தில் இருந்து. எதையும் பிரிக்கவில்லை.

அந்த மெமோவில் நான் முதல் தடவைக்காரன். இந்த மேசைக்குத்தான் ஆறாவது தடவை என்று தெரியும்.

ஏன் எடுத்தேன் என்று யாரும் கேட்காத இடத்தில் எழுதிவிடுகிறேன். பணம் இல்லாமல் இல்லை. மார்ச்சில் அந்தச் சின்னக் கரண்டியைப் பில் போடத்தான் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் ஒருவர் குழந்தைச் சோப்பு வாங்கினார். வளர்மதி அம்மா அவரிடம், "வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். அவர் வழக்கமாக எல்லோரையும் கேட்பதுதான். அந்த மனிதர் பல்லெல்லாம் தெரிய, "மக வந்திருக்குதுங்" என்றார். அடுத்தது என் முறை. என்னையும் கேட்பார். இல்லை, யாரும் வரவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு எதற்கு இந்தக் கரண்டி என்று அவர் கேட்கமாட்டார், ஆனால் நினைப்பார். கரண்டி பைக்குள் போய்விட்டது. அரிசிக்குப் பில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்துப் பார்த்தபோது, யாரோ ஊரில் இருந்து வந்திருப்பதுபோல இருந்தது. அரைமணி நேரம் நன்றாக இருந்தது.

கொண்டை ஊசி கடைசி. தெய்வானை இருந்தபோது இந்த வீட்டில் எங்கே கால் வைத்தாலும் ஒரு ஊசி குத்தும். குளியலறை, அடுப்படி, கட்டில் ஓரம். "வீடா இது, முள்ளுக்காடா?" என்று கத்துவேன். இரண்டு வருடமாக ஒன்றும் குத்தவில்லை. தரை சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மாலை ஐந்து மணிக்குக் கடைக்குப் போனேன். வாட்ச்மேன் எழுந்து நின்றார். ஐந்து பொருளையும் பில் போடும் மேசையில் வரிசையாக வைத்தேன்.

"இதுக்கெல்லாம் பில் போடுங்கம்மா."

வளர்மதி அம்மா கரண்டியை எடுத்து ஸ்டிக்கரைப் பார்த்தார். அது பழைய நிற ஸ்டிக்கர். அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

"எப்ப எடுத்தது இதெல்லாம்?"

"மார்ச்சுல இருந்துங்கம்மா."

பின்னால் வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "சின்னப் புள்ள சாமானா இருக்குதே. வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்களா?"

"இல்லீங்கம்மா. யாரும் வரலீங்க."

ஆறு மாதமாக அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்து ஆறு தடவை திருடியிருக்கிறேன். சொல்ல இரண்டு விநாடிதான் ஆனது. 

அவர் ஒவ்வொன்றாகப் பில் போட்டார்.  பையை நீட்டும்போது சொன்னார்.

"திங்கக்கெழம நான் கோர்ட்டுல வந்து, இது மொதல் தடவைன்னு கையெழுத்துப் போடோணும். இப்ப எப்படிங்க போடறது?"

"போட வேண்டாமுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"கோவத்துல சொல்லலீங்க. ஏமாந்தவள்னு எம்பேரு ஆகிப்போனா நாளைக்கு நான் கடை நடத்த முடியாது. நான் வரலீங்க." பிறகு, "பேசாம இருந்திருக்கலாமுங்களே நீங்க" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. நான் சீக்கிரமாக வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

சார் பதினைந்து நிமிடம் திட்டினார். "முடிஞ்ச கேஸ். நீயே போயி ஒடைச்சுட்டு வந்திருக்கற. ஒரு கட்சிக்காரன் இப்படிப் பண்ணினா நீ என்ன சொல்லுவ?"

"வேற வக்கீலைப் பாத்துக்கோன்னு சொல்லுவேன் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இன்னும் கோபம் வந்து, எழுந்து வெளியே போய்விட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று நானே போன் செய்தேன். நாளைக்கு என்ன நடக்கப்போகிறது என்று சொல்லத்தான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "உன் முடியெல்லாம் எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னுங்க திடீர்னு? முடிய வெட்டிப்போட்டேன். தோளு வரைக்குந்தான் இருக்குது. பையன் புடிச்சுப் புடிச்சு இழுக்கறான், தலை சீவ நேரமில்லை. ஆச்சு ஆறு மாசம். சொல்லலீங்களா நானு?"

"இல்லை."

"மறந்திருப்பேன். வேற என்னுங்க?"

"வேற ஒண்ணுமில்லை."

கொண்டையே இல்லாத தலைக்கு ஊசி திருடியிருக்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். பத்து மணிக்கே வராந்தாவில் என் வழக்கமான தூண் ஓரமாக நின்றேன், கையில் வழக்கமான கட்டுகளோடு. மாரப்பன் பட்டியலை விரித்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, இங்க பாருங்க. உங்க பேருல ஒரு திருடன். அதும் என்ன திருடியிருக்கறான்னு பாருங்க, ஹேர்பின்னு!"

அவனைச் சிரிக்க விட்டிருக்கலாம். ஆனால் இன்னும் அரைமணியில் அவன்தான் கூப்பிட வேண்டும். எல்லார் முன்னாலும் தெரிந்துகொண்டால் அவன் தாங்கமாட்டான்.

"அது நாந்தான் மாரப்பா."

இன்னும் இரண்டு விநாடி சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு பட்டியலை மடித்தான். மறுபடி விரித்தான்.  என் கையில் இருந்த கட்டுகளை வாங்கி அவன் ஸ்டூலின் மேல் வைத்தான், அவ்வளவுதான்.

காசோலை வழக்குகள் முடிந்தன. வாய்க்கால் தகராறுக்கு வாய்தா. மாரப்பன் வாசலுக்கு வந்தான்.

"சென்னியப்பன்."

பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உள்ளே இருந்து கிளார்க், "சத்தமாக் கூப்பிடுப்பா" என்றார்.

"சென்னியப்பன்!"

இந்தத் தடவை ஜெராக்ஸ் கடை வரைக்கும் போயிருக்கும். வளாகத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரையோ கூட்டிக்கொண்டு உள்ளே போகப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாவது தடவை அவன் வாயைத் திறந்தான், பெயர் வரவில்லை.

"அண்ணா, வாங்கண்ணா" என்றான்.

அந்தக் கோர்ட்டில் எந்த எதிரியையும் இதுவரை அப்படிக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். சிலர் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் கூண்டுக்குப் போனேன். இத்தனை வருடமும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஏறியதில்லை. கைப்பிடிக் கட்டை வழவழவென்று இருக்கிறது. பிடித்துப் பிடித்துத் தேய்ந்திருக்கிறது.

கடைக்காரர் வரவில்லை. குற்றச்சாட்டைப் படித்தார்கள். கொண்டை ஊசி அட்டை ஒன்று என்றபோது மறுபடியும் சிரிப்பு. மாஜிஸ்ட்ரேட் அம்மா என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். வயது என் மகள் வயதுதான் இருக்கும்.

"குற்றத்தை ஒப்புக்கறீங்களா? ஒப்புக்கிட்டா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்கம்மா. ஒப்புக்கறேன்."

"முதல் தடவையா?"

எத்தனை பேருக்கு இந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

"தண்டனைன்னு பாத்தா முதல் தடவைங்கம்மா. எடுத்ததுன்னு பாத்தா இல்லீங்க."

தனபாலன் சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் அம்மா கடிதத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். சட்டம் கேட்பது முந்தைய தண்டனையை மட்டும்தான் என்று அவருக்கும் தெரியும். பதினைந்து நாள் சமூக சேவை, அரசு மருத்துவமனையில், என்று எழுதினார். எழுதிவிட்டு, "வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். அது எழுத்தில் வராத கேள்வி.

"யாரும் இல்லீங்கம்மா." இப்போதெல்லாம் அதைச் சுலபமாகச் சொல்ல வருகிறது.

பதினொன்றரைக்கு டீக்கடைக்குப் போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றேன். மாரப்பன் இரண்டு டம்ளரோடு அங்கேயே வந்தான். இரண்டு பேரும் நின்றபடி குடித்தோம்.

செப்டம்பர் 24, புதன்

மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுக்கும் இடத்தில் போட்டார்கள். பெயர், வயது, என்ன உபாதை. காலையில் இருந்து இருநூறு பேராவது இருக்கும். ஒரு கிழவர் வயிற்றுவலி என்று தொடங்கி மருமகள் வரைக்கும் போனார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். நான் எழுதிக்கொண்டே கேட்டேன். தண்டனை என்று யார் சொன்னது இதை. ஆனால் பன்னிரண்டு மணிக்கு வரிசை முடிந்ததும் எல்லாரும் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தெய்வானையிடம் சொல்லிவிட்டேன். கரண்டியில் இருந்து கூண்டு வரை.  பேரன் பின்னால் அழுதான், அதற்குக்கூட அவள் எழுந்து போகவில்லை.

"ஹேர்பின்னா எடுத்தீங்க?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"போனை வெய்யுங்க."

வைத்துவிட்டேன். சாயங்காலம் வரைக்கும் போன் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மருத்துவமனையில் இருந்து வந்து பூட்டைத் திறக்கப்போனால் கதவு திறந்திருக்கிறது. தெய்வானை அடுப்படியில் நின்றாள். கௌசல்யாவுக்கு விடுமுறையாம், ஞாயிறு வரைக்கும் இருப்பாளாம். முடி தோள் வரைதான் இருந்தது. கழுத்து வேறு யாருடையதோ போலத் தெரிந்தது.

"ஒரு போனு பண்ணி, வாடின்னு சொல்லியிருந்தா வரமாட்டனா நானு? திருடத்தான் போகோணுமா?"

அன்று முழுக்கத் திட்டினாள். ரசப்பொடி டப்பாவைப் பார்த்து ஒரு தடவை, தலையணை உறையைப் பார்த்து ஒரு தடவை, காரணமே இல்லாமல் இரண்டு தடவை. இரண்டு வருடத்துக்குச் சேர்த்து இருந்தது. நான் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அக்டோபர் 4, சனி

தெய்வானை தனியாகக் கடைவீதி போய்விட்டு வந்தாள். எங்கே என்று கேட்டதற்கு, "நீங்க புடிபட்ட கடைக்குத்தான்" என்றாள். துவரம்பருப்பு வாங்கி வந்திருந்தாள். வளர்மதி அம்மா ஏதாவது கேட்டாரா என்று கேட்டேன். "வீட்டுக்கு ஆளு வந்தாச்சான்னு கேட்டுது. ஆமா, நான் வந்திருக்கறனுங்கன்னு சொன்னேன்" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

தெய்வானையை ஈரோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து ரயில். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொங்கலுக்கு எல்லாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். போன பொங்கலுக்கும் சொன்னாள், அப்போது யாரும் வரவில்லை.

வீடு திரும்பியதும் ரேடியோவைப் போட்டேன். பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். டிசம்பர் படிவத்தைச் சார் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். கீழே விவரம் கேட்டிருந்தார்கள். ஒரு வரியில் முடித்தேன். அட்டை கொடுத்தால் கொடுக்கட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் குளியலறைக்குப் போகும்போது வலது காலில் சுருக்கென்று குத்தியது. எடுத்துப் பார்த்தேன். கொண்டை ஊசி, புத்தம் புதிது.

அடுப்படியில் ஒன்று கிடந்தது. கட்டில் ஓரத்தில் ஒன்று. நாற்காலிக்கு அடியில் இரண்டு.

அவளுக்குக் கொண்டை கிடையாது. குப்பைக் கூடையில் பார்த்தேன். காலி அட்டை ஒன்றும், அந்தக் கடை பில்லும் கிடந்தன. பில்லில் துவரம்பருப்புக்குக் கீழே ஹேர்பின் ஒன்று என்று அடித்திருந்தது.

பில்லை மட்டும் எடுத்து டைரியில் வைத்துக்கொண்டேன். ஊசிகளைப் பொறுக்கவில்லை. மருத்துவமனைக்கு நேரமாகிவிட்டது, பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் கிளம்பினேன்.